உத்தரவாதம்

ஜாக்ரெப்பில் மழை. ஈரக் குடையை
எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைக்குள் நின்றேன்.
வீட்டு மேசையில் பாதிக் கணினி கிடக்கிறது:
பெட்டி, மதர்போர்டு,
எங்கிருந்து மிஞ்சியதோ மூன்று திருகாணி.

"சாகாத ஹார்ட் டிஸ்க் வேண்டும்."
லோவோர்கா சிரிக்காமல் கேட்டாள்,
"எத்தனை டெராபைட்?"

பதினெட்டு வருடமாக டிராம் பணிமனையில் எனக்கு வேலை.
பேரிங் போகப்போவதைச்
சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
இரண்டை ஓடவிடச் சொல்லிக் காது கொடுத்தேன்.
ஒன்று முனகியது.
மற்றது ஆளில்லாத வீடு மாதிரி.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில்
ஐந்து வருட உத்தரவாதம்.
"டிஸ்க்குக்கா, உள்ளே இருப்பதற்கா?"
"டிஸ்க்குக்கு. கெட்டால் புதுசு தருவார்கள்,
காலியாக."

நிலநடுக்கத்தில் அலமாரி சரிந்தபோது
நசுங்கிய மடிக்கணினிக்குள்
தம்பி மிரான் இருந்தான்,
பதினோரு நிமிடம், மீன் பொரித்தபடி,
யாரையோ திட்டிக்கொண்டு.
அவன் போய் அப்போது ஒன்பது மாதம்.

இன்னொரு பிரதி இருந்தது,
அவனை விட்டுப் போன நெவியாவிடம்.
கேட்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.
அவள் அனுப்ப நாலு நிமிடம்.

"இரண்டு கொடு" என்றேன்.
"ஒரே கம்பெனியா?"
"வேண்டாம். ஒரே நாளில் ஒரே மாதிரி
கெட்டுப்போகக் கூடாது."

ஒன்று என் மேசைக்கு.
இன்னொன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
சாவா பாலத்தில் நடக்கிறேன்.
குடை கடையிலேயே நிற்கிறது.
நெவியாவின் வீட்டு மணி
எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.