ஜெபக் குறிப்பு

கிருபாவதி வீட்டு வெள்ளிக்கிழமைக் கூடுகையில்
என் முறை வந்தபோது
நன்றாகத்தான் ஜெபித்தேன்.
மழைக்கு, ஊழியக்காரருக்கு, ஒழுகும் ஆலயக் கூரைக்கு.
பிறகு குரல் தானாக இளகி,
"நவமணி சகோதரியின் வீட்டுக்காரரை நினைத்தருளும் சுவாமி,
மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டாரே,
மகள் வளையலும் சேட்டுக் கடைக்குப் போயிற்றே" என்று
கண்ணீர் விட்டேன்.
கண்ணீர் உண்மை. அதை வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.
ஆமென் சொன்ன குரல்களில் ஒன்று குறைந்ததை
அன்றைக்கு நான் எண்ணவில்லை.
சுண்டல் வந்தது, சாப்பிட்டோம்.

சமாதானம் அன்று ஒன்றும் சொல்லவில்லை.
சனிக்கிழமையும் சொல்லவில்லை.
ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின்
டிவிஎஸ்ஸைக் கிளப்பாமல் பிடித்தபடி நின்றான்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில்
அவன் கத்தி பிடிக்கிறவன்:
ஒட்டிய சதையை வழித்தெடுப்பான்,
தோலில் கீறல் இருக்காது.
நான் அங்கேயே கணக்கு எழுதுகிறவன்.
கிழிந்த தோலுக்குக் கூலி பிடிக்கிறவன்.

"தப்பா நெனக்காதீங்கண்ணா" என்றான்.
அதற்குள் நினைத்தாயிற்று.
"வெள்ளிக்கிழம ஜெபத்துல
ஆண்டவருக்குத் தெரியாதது எதனா சொன்னீங்களா?"
இல்லையே, என்றேன்.
"எங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."
சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை,
செருப்பு நுனியால் ஒரு வேப்பம்பழத்தை
உருட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்று வாரம் பெஞ்சு மாறி உட்கார்ந்தேன்.
கீர்த்தனையில் அவன் சுருதி பிசகுவது,
பிரசங்கத்தில் கண் செருகுவது,
காணிக்கைப் பைக்குள் மூடிய கை போய்
மூடியே திரும்புவது...
அப்பப்பா, எவ்வளவு கிடைத்தது எனக்கு!
பேரேட்டில் ஏற்றினால் இரண்டு பக்கம் தாண்டும்.
கூட்டிப் பார்த்தேன்.
என் பக்கத்துப் பாக்கி குறையவேயில்லை.

நாலாம் வாரம் நவமணி வீட்டுக்குப் போனேன்.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்
கதவு திறந்ததும் இரண்டாய் ஒடிந்தது.
தண்ணீர் கொடுத்தாள். காப்பி கொடுக்கவில்லை.
"என்னக் கூட்டிக்கினு போக வந்தவரு
ஜன்னலாண்டயே நின்னுக்கினு இருந்தாரு.
எல்லாம் கேட்டாரு" என்றாள்.
பிறகு,
"அன்னிக்கு அவரு குடிக்கல."
காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாமல்
வெகுநேரம் வைத்திருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்
சாட்சி சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
பரங்கிக்காயைத் தூக்கிப் பிடித்துக் கூவியவன் சமாதானம்.
கைம்பெண் சூசானாள் முப்பது ரூபாய் என்றாள்.
"முப்பதுக்குக் காம்புதான் வரும் சூசானாக்கா!"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
நீட்டிய நோட்டுகளை மறுபடி சுருட்டி
அவள் முந்தானையில் முடிந்தபோதுதான்
என் சிரிப்பு எனக்குக் கேட்டது.

திங்கள் சாயங்காலம்
பாலாற்றுப் பாலத்தில் அவனை மறித்தேன்.
கீழே மணல், மணலில் ஒரு கோடு நீர்.
அவனைப் போல ஒரு கேள்வியாகக் கேட்க ஆசை.
வாயில் வந்ததோ,
"அந்தக்கா... நேத்து... காம்பு... வேணாம்டா அது."
லாரி ஒன்று கடந்ததில் பாதி போயிற்று.
மிச்சப் பாதி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்:
முகம் கறுத்தது.
பேசாமல் வண்டியை மிதித்தான்.
ஒரு மிதி, இரண்டு மிதி, கிளம்பவில்லை.
மூன்றாவதற்கு
நான் பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டேன்.
திரும்பிப் பார்க்காமல் போனான்.

அடுத்த ஞாயிறு என் பெஞ்சுக்கே வந்தான்.
நடுவே ஒரு பாட்டுப் புத்தகம் வைக்க இடம் விட்டு
உட்கார்ந்தான்.
முதல் பல்லவியிலேயே சுருதி பிசகியது.

சூசானாள் வாசலில்
யாரோ ஒரு பரங்கிக்காய் வைத்துவிட்டுப் போனார்களாம்,
காம்போடு.
யாரென்று எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன்,
ஜெபத்தில்கூட.