உரிமையாளர்: தெரியவில்லை

லியெபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கடைக் கதவை அதுதான் முதலில் திறந்தது,
பிறகுதான் அய்கர்ஸ்.
ட்ராம் ஓட்டுநர் சீருடை. கக்கத்தில் ரொட்டிப் பை.
பைக்குள், கம்பளிக் காலுறையில் நுழைத்து
ஒரு ஹார்ட் டிஸ்க்.

"என்னுடையதுதான்" என்றார்.
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.
ரசீதில் நான்
'வாடிக்கையாளர் கூற்றுப்படி' என்று எழுதிக்கொள்வேன்.

கேபிள் மாட்டினேன். கோப்புறை தெரிந்தது.
பெயர், ஒரே ஒரு புள்ளி.
தொட்டால், அனுமதி மறுக்கப்பட்டது.
உரிமையாளர் யாரென்று கேட்டேன்.
எஸ் என்று தொடங்கி
மூச்சு வாங்குகிற நீளத்துக்கு எண்கள்.
பழைய கணினி போன அன்றே பெயரும் போய்விட்டது;
ஆள் காலி செய்த வீட்டில்
பெயர்ப்பலகை மாட்டியிருந்த ஆணி மாதிரி
எண் மட்டும் நிற்கிறது.

"அந்த எண் நான்தான்."
இருக்கலாம். ஆனால் அதற்குத் தெரிந்தது
இருபத்திரண்டு வயது அய்கர்ஸை.
நாற்பது வயதுக்காரர் வந்து நின்றால்
எப்படி நம்பும்?
என் பழைய பாஸ்போர்ட் படத்தை
நானே நம்புவதில்லை.

பூட்டு பெரிய காரியமில்லை.
உரிமையை என் பெயருக்கு மாற்ற இரண்டு வரிக் கட்டளை.
காபி ஆறுவதற்குள் முடிந்தது.
உள்ளே நாற்பத்தோரு ஒலிக்கோப்புகள்.

வாசிப்பதுதான் பாடு.
டிஸ்க் திக்கியது.
டிக். டிக்.
நெடிய மௌனம்.
டிக்.
ஒரே இடத்துக்குப் போய்ப் போய்
வெறுங்கையோடு திரும்பியது அதன் தலை.
அய்கர்ஸைப் பார்த்தேன்:
கழுத்து முன்னே சாய்ந்து, உதடு குவிந்து,
தள்ளுவண்டிக்கு யாரோ கை கொடுப்பது போல.

என் மென்பொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு.
வாசிக்க முடியாத இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பி
மேலே போய்விடும். நேரம் மிச்சம்.
கை அந்தப் பொத்தானுக்குப் போனபோது
"வே... வே..."
நிறுத்தினார். கண்ணை மூடினார்.
"காத்திருங்கள். அது சொல்லி முடிக்கட்டும்."

மூன்று இரவுகள்.
சூடேறாமலிருக்க ஜன்னலோரக் குளிரில் வைத்தேன்.
ஒரு துணுக்குக்கு நூறு முயற்சி, இருநூறு முயற்சி.
பக்கத்து மேசையில்
திரை உடைந்த போன்கள் முறை வருமென்று கிடந்தன.
சிலர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை, பதினேழாவது கோப்பு பேசியது.
போர்வைக்குள்ளிருந்து வருகிற குரல்.
கதவுக்கு அப்பால் ஒரு சிரிப்பு. அது அண்ணன் மோட்ரிஸாம்.
"அடுத்த நிறுத்தம், கா... கா...
கா...
கால்வாய்ப் பாலம்."
மறுபடி முதலிலிருந்து.
ஓட்டுநர் தேர்வுக்கு முந்தைய குளிர்காலம் முழுக்க,
ஊருக்கே உள்ள ஒரு தடத்தை
ராத்திரி ராத்திரி வாயால் ஓட்டிப் பார்த்திருக்கிறார்.
இப்போது பதிவு செய்த பெண்குரல் அறிவிக்கிறது.
அவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

நாற்பத்தொன்றில் இருபத்தாறு கிடைத்தன.
கடைசிக் கோப்பு கிடைக்கவில்லை.
அதில்தான் ஒருமுறைகூடத் திக்காமல் சொன்னாராம்,
முதல் நிறுத்தத்திலிருந்து பணிமனை வரை.
அதைக் கேட்கத்தான் வந்தாராம்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
கட்டணத்தில் பாதியைக் குறைத்தேன்.
அவர் முழுதையும் எண்ணி வைத்தார்.

புதிய டிஸ்க்கில் போட்டுக்கொடுக்கும்போது பார்க்கிறேன்,
உரிமையாளர் கட்டத்தில் இன்னமும் விஸ்மா.
சட்டப்படி, ஒரு பையனின் தொண்டைக்கு
மூன்று நாளாக நான் சொந்தக்காரி.
அழித்தேன்.
விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பினேன்.

ஒற்றை விரலால் தட்டினார்.
இரண்டாம் எழுத்தில் விரல் அந்தரத்தில் நின்றது.
அடுத்த எழுத்து எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.