வாடகை நிலா

மிஸ்ஸிசிப்பியில் எங்கள் ஊருக்கு நிலா ஒன்றுதான்.
ஒட்டுப்பலகையில் அறுத்தது, எட்டடி விட்டம்,
வெள்ளிப் பூச்சு, முதுகில் இரண்டு கொக்கி.
க்ரூ சகோதரர்கள் வாடகைக் கடையின் சொத்து.
ஏப்ரல் கடைசியில்
வெள்ளிக்கிழமை அகாடமிக்கு,
சனிக்கிழமை கவுண்டிப் பள்ளிக்கூடத்துக்கு.
வண்டி ஓட்டுவது நான், வெர்லீன்.

படிப்பு முடிக்கிற பிள்ளைகளின் ஆட்டம்.
இரண்டு இரவும் அதே நாற்காலி, அதே மேசைத் துணி,
பழரசம் மொள்ளும் அதே கண்ணாடிக் கிண்ணம்.
நடுவில் நானும் குழாய்த் தண்ணீரும்.
வெள்ளிக்கிழமைக்காக நான் கழுவியதை
முதலாளி ஒருமுறை திரும்பக் கழுவச் சொன்னார்.
சனிக்கிழமைக்குச் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

சட்டமெல்லாம் எப்போதோ போயாயிற்று.
"எங்க கதவு திறந்துதான் இருக்கு" என்பார்கள்,
கட்டணச் சீட்டை நீட்டியபடி.
நீச்சல் குளம் இருந்த இடத்தில் புல்
செழித்துக் கிடக்கிறது.
மண் கொட்டி மூடியபோது எனக்கு நாலு வயது.
ஏணியின் கைப்பிடிகள் மட்டும் இன்னும்
புல்லுக்கு மேலே வளைந்து நிற்கின்றன,
உள்ளேயிருந்து யாரோ ஏறி வரப்போவது மாதிரி.

ஒன்பது வயதில், ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை
எங்களைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனார்கள்.
அம்மா என் காலுறைக்குக்கூட இஸ்திரி போட்டிருந்தாள்.
பக்கத்தில் உட்காரப் போகிறவளுக்கென்று
ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்:
என்கிட்ட ரெண்டு பென்சில் இருக்கு.
வகுப்பில் முப்பது மேசை. நாங்கள் பதினொரு பேர்.
மற்றவர்கள் அந்த வாரக் கடைசியில்
பாப்டிஸ்ட் சர்ச்சின் நிலவறையில்
வேறு பள்ளிக்கூடம் ஆகியிருந்தார்கள்.
டீச்சர் நல்லவர்தான்.
"இடம் நிறைய இருக்கு," என்றார்,
"தள்ளித் தள்ளி உட்காருங்க."
இரண்டாவது பென்சிலையும் நானே எழுதித் தீர்த்தேன்.

இந்த வருஷம், வெள்ளிக்கிழமை,
நிலாவை மாட்டிவிட்டு ஏணியை மடக்கும்போது
ஒருத்தி வந்து நின்றாள்.
பச்சைப் பட்டு, வெறுங்கால், செருப்பு கையில்.
தெரியும் அவளை. டெய்ரி பாரில்
கோன் ஐஸ் சுழற்றித் தருகிறவள், கேலின்.
"நாளைக்கும் இதேதானா?"
இதேதான்.
"டெவாண்ட்ரேயும் இதுக்குக் கீழதான் நிப்பானா?"
இரண்டு பேருக்கும் ஒரே ஜன்னலில் வேலை,
கோடை முழுக்க முழங்கை இடிக்க.
நிற்பான் என்றேன்.
"எவ்ளோ உயரத்துல மாட்டுவீங்க?"
என்ன கேள்வி இது.
ஓரடி கீழே, அங்கே கூரை தாழ்வு என்றேன்.
கடினமான கணக்கு விளங்கியவள் போலத்
தலையாட்டினாள்.
பிறகு ஆடப் போய்விட்டாள்.

அவனிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.
ஊதா டை, இரவல் கார், கூட்டாளிகளின் கூச்சல்.
என்னவென்று சொல்வது?
ஒருத்தி உயரம் விசாரித்தாள் என்றா?
படம் எடுப்பவர், நேற்றும் எடுத்தவரேதான்,
"நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க,
இடம் பத்தல" என்று கத்திக்கொண்டிருந்தார்.
நான் நாற்காலி எண்ணப் போனேன்.

ஞாயிறு காலை. ஊரின் இரண்டு முனையிலும்
ஒரே நேரத்தில் மணி அடிக்கும்; எதிரொலி என்பார்கள் புதியவர்கள்.
நிலாவை வண்டியில் மல்லாத்திப் போட்டு
மெதுவாகத்தான் ஓட்டினேன்.
வளைவில் அந்தக் கைப்பிடிகள், ஈரமாக.

பில் புத்தகத்தில் எழுதினேன்:
நிலா, இரண்டு.
அடித்துவிட்டு எழுதினேன்:
நிலா ஒன்று, இரண்டு இரவு.
ஓரத்தில் வெள்ளி உரிந்திருக்கிறது.
அடுத்த ஏப்ரலுக்குள் பூச வேண்டும்.