நடுவில் கம்பி இல்லை

ஜெலற்றின், கிளிசரின், கடையில் வாங்கிய தூள் உப்பு.
காய்ச்சித் தட்டில் ஊற்றி இறுகவைத்தால்
தோல்.
ஓரத்தைச் சுற்றிப் பதினாறு மின்முனைகள்.
நடுவில் ஒரு கம்பியும் இல்லை.

இரண்டு முனைகளுக்கிடையே மெல்லிய மின்சாரத்தை விட்டு
மிச்ச முனைகளில் அளக்கிறோம்.
நடுவில் எங்காவது விரல் பட்டால்
ஓரத்தில் எண்கள் கலையும்.
கலைந்த விதத்தை வைத்துக் கணக்கு தேடிப் போகும்:
எந்த இடம், எவ்வளவு பாரம், ஒரு விரலா, மூன்றா.

முப்லிஹா கிண்ணியாப் பாலம் கடந்து வேலைக்கு வருபவள்.
“துறைமுகத்துக்குள்ள கப்பல் திரும்பினா
கரையில கட்டின வள்ளம் ஆடும்தானே,
அதுதான் இது” என்றாள்.
எனக்கு உவமைகளில் நம்பிக்கை குறைவு.
அறிக்கையில் மட்டும் அதைத் திருடி எழுதினேன்.

உவர்மலையில் வாடகை வீடு. முன்னறையில் மேசை,
மேசையில் திருகி இறுக்கிய இயந்திரக் கை,
அதன் முழங்கைவரை இந்த உப்புத் தோல்.
அதைத் தொடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
நாளுக்கு எண்ணூறு தரம்.
குத்தல், கிள்ளல், வருடல், தட்டல்,
உள்ளங்கையை வைத்து எடுத்தல்;
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பதிந்தால்
கை படித்துக்கொள்ளும்.

வலது கையால் மட்டும் தொடுவேன்.
இடது கையில் கடைசி இரண்டு விரலும்
அரிசி ஆலைப் பட்டியில் அகப்பட்ட நாளோடு போய்விட்டன.
இருக்கின்றன, ஆனால் வீட்டில் ஆளில்லை.
தேத்தண்ணி சுட்டதைக் கொப்புளம் வந்து சொல்லும்.
ஆனாலும் மரத்த இடத்துக்கு ஒரு கரை உண்டு;
கரையில் தோல் இழுபடும்போது
உள்ளே என்னவோ நடக்கிறது என்று தெரியும்.
என்னவென்று தெரியாது.

புதன்கிழமை பின்னேரம் கரண்ட் போனது.
புழுக்கத்துக்குக் கதவைத் திறந்தோம்.
பற்றரியில் கை விழித்திருந்தது.
மான் ஒன்று படியேறி வந்தது,
பஸ் நிலையத்தில் பழத்தோல் தின்று திரிகிற கூட்டத்தில் ஒன்று,
கொம்பில் சிவப்புப் பொலித்தீன் பையின் கிழிசல்.
நேராக வந்து
நக்கத் தொடங்கியது.

திரையில் ஒரு மேகம் அகன்று, நகர்ந்து, திரும்பி வந்தது.
வருடல் என்றது கணினி. இல்லை, தட்டல் என்றது.
பிறகு கேள்விக்குறி.
அழுத்தம் மிஞ்சினால் பின்வாங்கச் சொல்லிவைத்த கை
பின்வாங்கவில்லை.
முப்லிஹா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

நான் இடது கையைக் கொண்டுபோய் அருகில் வைத்தேன்.
நாக்கு இடம் மாறியது.
மோதிரவிரலின் அடியில், கரையில் மட்டும்,
ஓர் இழுப்பு.
மற்றதையெல்லாம் கண்ணால் பார்த்துக்
கணக்குப் போட்டுக்கொண்டேன்.

காலையில் ஏழாவது முனை செத்திருந்தது,
தோலில் ஒரு பள்ளம்.
பெயர்ப் பட்டியலின் அடியில் ‘மான்’ என்று
முப்லிஹா ஒரு வரி சேர்த்திருந்தாள்; ஒரேயொரு பதிவு.
அடுத்த கலவைக்கு அடுப்பை மூட்டியபடி
“உப்பைக் குறைக்கவோ?” என்று கேட்டாள்.

கதவைப் பார்த்தேன்.
“வேண்டாம். அப்படியே போடு.”