ரேடியோவை அணைத்த பிறகு

முதலில் அவள் ரேடியோவை அணைத்தாள்.
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூட யாரையும் அழைத்து வரவில்லை பியூலா.
அழகாபுரத்தில் வீடு, ஏற்காட்டில் நர்ஸ் வேலை.
பானெட்டின் ஓரத்தில் உள்ளங்கை வைத்து
முழு எடையையும் கொடுத்து அழுத்தி, விட்டாள்.
எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது,
போதாதென்று இன்னொருமுறை
தலையாட்டிவிட்டு நின்றது வண்டி.
"ஒரு தடவையோட நிக்கணுமே" என்றாள்.

பிறகு மண்டியிட்டு டயரைத் தடவினாள்.
வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருந்தது,
நேற்றுதான் பாலீஷ் போட்டிருந்தேன்.
அவள் விரல் உள்பக்கம் போனது.
வழுவழு. ஒரு பள்ளம். மறுபடி வழுவழு.
இன்னும் குனிந்தாள்.
ஷாக் அப்சார்பரில் கசிந்த எண்ணெயில்
வெள்ளைக்கல் லாரிகளின் தூசி
குழைத்த திருநீறாய் அப்பியிருந்தது.
அதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

எனக்கு சிவதாபுரத்தில் கொலுசு வியாபாரம்.
நூறு ஜோடியைக் குலுக்கினாலும்
எந்தச் சலங்கைக்குள் முத்து இல்லை என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காது இது.
இதே காதுதான்
ஆடி மாதத்திலிருந்து
இடது முன்சக்கரத்தின் 'கடக்'கை
டிக்கியில் உருளும் ஜாக்கி என்றது.
ஜாக்கியைச் சாக்கில் சுற்றி வைத்தேன்.
ரோடு சரியில்லை என்றது.
புதுத் தார் போட்டுவிட்டார்கள்.
அதன் பிறகுதான் ரேடியோவைக் கூட்டினேன்.

ஐந்து ரோடு வரை வழுக்கிக்கொண்டு போய்த்
திரும்பிவிடலாம் என்றிருந்தேன்.
"அடிவாரம் போலாங்க."

கோரிமேட்டு வேகத்தடையில், கடக்.
கொண்டப்பநாயக்கன்பட்டியில் இன்னொரு கடக்,
வால்போல ஒரு முனகல்.
பிரேக்கை மிதித்தாள். மூக்கு குத்தியது வண்டி,
ஓட்டுக் கேட்டு வந்தவர் கும்பிடுவதுபோல.
நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பார்த்தாள்.
பழகிய கடையைக் கண்ட ஆள் மாதிரி
இடப்பக்கமே இழுத்தது.
முதல் கொண்டை ஊசியில் நான்
கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன்,
சாய்வது மலையா வண்டியா என்று கேட்பவன்போல.

மூன்றாவது வளைவு தாண்டி, குரங்குகள் பார்த்திருக்க,
ஓரமாக நிறுத்தினாள்.
"லோயர் ஆர்ம் புஷ் போச்சு. லிங்க் ராடும்.
பால் ஜாயிண்ட்டைத் தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்."
நோயாளியின் தலைமாட்டில்
அட்டையில் எழுதுகிற குரல்.
"தொண்ணூத்திரண்டு தரேன்."
சரி என்றேன்.
தப்பித்தேன் என்றும் நினைத்தேன்.

அப்போது அவள், என்னிடம் அல்ல,
முன்கண்ணாடியிடம் சொன்னாள்:
"மத்தியான டூட்டி முடிஞ்சா
ராத்திரி ஒன்பதுக்கு மேல தனியா இறங்கணும்.
பனி வேற."

அவள் கண்டுபிடிக்காதது ஒன்று இருந்தது.
பின்னால், வலது ஸ்பிரிங்கில்
கடைசிச் சுற்று உடைந்து விழுந்துவிட்டது.
லீ பஜார் மெக்கானிக் மாதையன்
அந்தத் துண்டை என் கையில் வைத்து,
"இதுக்கு மேல மலை ஏத்தாதீங்க" என்றார்.
தீபாவளி சரக்கு போகட்டும் என்றேன்.
இப்போது அது என் கடையில்
பில்கள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது,
நல்ல கனம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன்.
ஏன் சொன்னேன் என்று
என் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

பியூலா என்னை வெகுநேரம் பார்த்தாள்.
நன்றி சொல்வாள் என்று இருந்தேன்.
"அப்ப எண்பத்தினாலு" என்றாள்.

கோரிமேட்டில் நான் இறங்கிக்கொண்டேன்.
ஆர்சி புக், இரண்டு சாவி,
மாதையனின் நம்பர்.
நேரே அங்கேதான் போகிறாளாம்.

ஆறு மாதமாய் உள்ளே உட்கார்ந்து கேட்காத சத்தத்தை
ஒருமுறை வெளியே நின்று கேட்கலாம் என்று
வேகத்தடையைப் பார்த்தபடி நின்றேன்.
அவள் வண்டியைச் சரித்து, ஒவ்வொரு சக்கரமாக,
வாசற்படியில் ஸ்ட்ரெச்சரை இறக்குகிறவள்போல
இறக்கினாள்.

ஒரு சத்தமும் இல்லை.