பதின்மூன்று டிகிரி

பாடநூல், பக்கம் நாற்பத்தொன்று:
தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்.
நாலாம் வகுப்பில் நாங்கள் பத்தொன்பது பேர்.
ஒரு கேஸ் அடுப்பு, நசுங்கிய அலுமினியக் குவளை,
பஞ்சு சுற்றி வந்த ஒரே ஒரு வெப்பமானி.

பிடிக்கிற முறை இன்று எனக்கு.
அறுபது என்றேன். சத்துர்னீனோ எழுதினான்.
எழுபத்தைந்து. எழுதினான்.
எண்பத்தேழு.
குமிழிகள் குதித்தன, ஜன்னல் வியர்த்தது,
எண்பத்தேழு.
"இன்னும் கொஞ்சம்" என்றார் மார்லெனி டீச்சர்.
இன்னும் கொஞ்சத்தில்
தண்ணீர்தான் பாதியாயிற்று.

வெப்பமானி கெட்டுப்போச்சு என்றான் எலோய்.
அவன் எதையும் அப்படித்தான் சொல்வான்.
சுகாதார நிலையத்துக்கு ஓடி இன்னொன்று கொண்டுவந்தான்.
அது நாற்பத்திரண்டோடு நின்றுவிடும்;
காய்ச்சலுக்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.
பிறகு பாலாடைக்கட்டி செய்கிற வீட்டிலிருந்து
நீளமாக ஒன்று வந்தது.
அதுவும் சொன்னது எண்பத்தேழு.

டீச்சர் பேனிக்காரர், ஆற்றங்கரை ஊர்.
இங்கே வந்து பதினோரு நாள்,
கரும்பலகைவரை நடந்தாலே மூச்சு வாங்கும்.
தம்பிக்குப் போன் போட்டார்:
"டேய், ஒரு பாத்திரம் தண்ணீர் வை, அளந்து சொல்."
பத்தொன்பது பேரும் அந்த ஊர்த் தண்ணீருக்காகக் காத்திருந்தோம்.
தொண்ணூற்றொன்பது, கொஞ்சம் கூட.

நூறில் எண்பத்தேழு போக.
பூஜ்யத்தில் ஏழு போகாது,
பக்கத்து வீட்டிலும் பூஜ்யம்,
கடைசி வீட்டு ஒன்றிடம் போய்க் கடன் வாங்கி,
பதின்மூன்று.
"இந்தப் பதின்மூன்று எங்கே போச்சு, டீச்சர்?"
நய்ரா கேட்டாள்.
டீச்சர் தெரியாது என்றார். நிஜமாகவே தெரியவில்லை.

அப்புறம்தான் பார்த்தோம், பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில்:
கடல் மட்டத்தில்.
எங்களில் யாரும் கடல் பார்த்ததில்லை.
எங்கள் நாட்டுக்கே கடல் கிடையாது,
வரைபடத்தில் நீலம் எல்லாம் அடுத்தவருடையது.

தம்பி திரும்ப அழைத்தார்.
எங்கோ தேடிப் படித்தாராம்:
முந்நூறு மீட்டர் ஏறினால்
ஏறக்குறைய ஒரு டிகிரி குறையுமாம்.
பதின்மூன்றை முந்நூறால் பெருக்கினோம்,
முழங்கைவரை சுண்ணாம்பு.
மூவாயிரத்துத் தொள்ளாயிரம்!
ஒரு குவளைத் தண்ணீரை வைத்து
நாங்கள் நிற்கிற உயரத்தை அளந்துவிட்டோம்.

ஆனால் ஓருரோ பஸ் நிற்கும் இடத்துப் பலகையில்
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
அந்த அறுபது மீட்டருக்கு மதியம்வரை சண்டை.
எலோய் மறுபடி வெப்பமானி என்றான்.
பலகையை மேட்டிலிருந்து பிடுங்கிவந்து
இங்கே நட்டிருப்பார்கள் என்றான் சத்துர்னீனோ.
நய்ரா மட்டும் மெதுவாக,
"ஏறக்குறைய என்றாரே,
அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது" என்றாள்.

குவளையில் போட்ட உருளைக்கிழங்கு
இன்னும் வேகவில்லை.

வெள்ளிக்கிழமை தேர்வில் கேட்பார்கள்:
தண்ணீர் கோடிட்ட இடம் டிகிரியில் கொதிக்கும்.
நூறு எழுதுங்கள் என்று டீச்சர் சொல்லவில்லை,
எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை.
நான் எழுதப்போவது:
எங்கே?
கோட்டுக்குள் அடங்கும்.
அளந்து பார்த்துவிட்டேன்.