ஆறாவது இதழ்

இரவு இரண்டே கால்.
நிற்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.
ஜெனரேட்டரின் குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்,
இருட்டில் இல்லாத படிக்குக் கால் நீட்டியவர் போல.
பிறகு தானாகவே அணைந்தது.
ஏசியும் ஒரு பெருமூச்சோடு அடங்க
பட்டுக்ஸென்ட் ஆற்றின் ஜூலை
கதவைத் தட்டாமல் உள்ளே வந்து
கட்டில் ஓரம் உட்கார்ந்துகொண்டது.

எல்வுட்டுக்குக் கேட்காது.
பால்டிமோர் துறைமுகத்து இழுவைப் படகுகளில்
முப்பத்தொரு வருஷ எஞ்சின் அறை
இரண்டு காதையும் தின்றுவிட்டது.
வேர்வைதான் எழுப்பியது அவனை.
"நின்னுடுச்சா?" என்றான்,
எதிர்க்கரை நாய் குரைக்கும் அளவுக்கு.

கடல்நீர் வால்வை மூடினேன்.
வடிகட்டியைத் திறந்தால்
உள்ளே இழுதுமீன்கள்,
குழைந்துபோன கண்ணாடிக் கஞ்சி.
வாளியில் கவிழ்க்கையில்
விரலிடுக்கில் சுரீரென்றது.

அதோடு முடிந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.
தண்ணீர் வராமல் எவ்வளவு நேரம் சுற்றியதோ பம்ப்.
நான்கு திருகாணி கழற்றித்
தகட்டை எடுத்தான்.
ஆறு இதழ் ரப்பர்ச் சக்கரத்தில்
இரண்டு மிச்சம்.
மூன்று, பம்பின் அடியில் கிடந்தன.
ஒன்றைக் காணோம்.

காலை பத்து மணிக்கு
டெலவேரிலிருந்து ஆஸ்ட்ராண்டர் தம்பதி வருகிறார்கள்.
விலை பேசியாயிற்று.
படகைப் பார்த்துக் கைகுலுக்குவதுதான் பாக்கி.
புதுச் சக்கரம் பெட்டியிலேயே இருக்கிறது.
கிளிசரின் தடவி, இதழ்களை மடக்கி,
உள்ளே தள்ளினால் பத்து நிமிடம்.
காணாமல் போன ஒன்று நாளைக்கு வாய் திறக்காது.
எங்கோ ஒரு குழாய்க்குள் படுத்திருந்து
ஆகஸ்டில் ஒரு நாள்
வேறு யாருடைய இரண்டே காலிலோ பேசும்.

துண்டுக் காகிதத்தில் எழுதி
டார்ச் வெளிச்சத்தில் நீட்டினேன்:
புதுசைப் போடு. போதும். எனக்குப் புழுங்குகிறது.
படித்தான். நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்தான்.
ஸ்பேனரை எடுத்தான்.

ரப்பர்க் குழாயில் ஒன்றுமில்லை.
வளைவில் உப்பும், செத்த சிப்பியும்.
துத்தநாகக் குச்சி பாதியாகிவிட்டிருந்தது.
இரும்பை விட்டு இதைத் தின்னட்டுமென்று
கடலுக்கு நாங்களே வைக்கும் படையல்.
வெப்பமாற்றியின் மூடியைத் திறந்தான்.
தேன்கூடு மாதிரி எத்தனையோ துளைகள்,
ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தான்.

என் முகவாயிலிருந்து ஒரு சொட்டு
அவன் பிடரியில் விழுந்தது.
குழாய் ஒழுகுகிறதென்று
கையால் தடவித் தடவித் தேடினான்.
கோபத்தின் நடுவே எனக்குச் சிரிப்பு வந்தது.
அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

நாலே முக்காலுக்குக் கம்பி நுனியில்
நகத்துண்டு அளவு கருப்பு ரப்பர்.
எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தான்.
பாதிதான்.
மறுபாதிக்கு
இன்னும் அரை மணி.

கைக்குட்டையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான்.
விளிம்போடு விளிம்பு பொருந்தியது.

பிறகு எல்லாம் முறைப்படி.
ஏசி அணைந்தே இருக்கட்டும்.
முதலில் வால்வு. அப்புறம் எஞ்சின்.
சுமை ஏற்றாமல் ஐந்து நிமிடம்.
நான் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் குனிந்தேன்.
இருமியது, ஒன்றுமில்லை.
இருமியது, புகை.
இருமி, ஒரு வாய் ஆற்றைத் துப்பி,
விடாமல் துப்பத் தொடங்கியது.
கட்டைவிரலை உயர்த்தினேன்.
பதினோரு வருஷமாக இதுதான்
எங்கள் காலை வணக்கம்.

ஏசி முதலில் நனைந்த நாயின் வாடையோடு வந்தது.
பிறகுதான் குளிர்.

பத்து மணிக்குத் திருமதி ஆஸ்ட்ராண்டர்
காற்றுவாய்க்குக் கீழே நின்று
கழுத்து முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.
அவர் பதிவேட்டைப் புரட்டினார்.
கடைசி வரி, எல்வுட்டின் சதுர எழுத்தில்:
மணி இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
சக்கரம் மாற்றியது. ஆறும் எண்ணியாயிற்று.

"எந்த ஆறு?" என்றார்.

எல்வுட் என் உதட்டைப் பார்த்தான்,
கேள்வி என்னவென்று நான் சொல்வேன் என்று.
அவன் சட்டைப் பையில்
நாலாக மடித்த காகிதம்
கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.